போக வரப் பத்து மைல்

கரிசல் காட்டு மாட்டு வண்டிப் பந்தயம்: உழைப்பிலிருந்து பிறந்த ஒரு விளையாட்டின் கணக்கு

கோயில் கொடை நெருங்கினால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கத்துச் சுவர்களில் சுவரொட்டி ஏறும். மேலே சாமி படம், ஓரங்களில் விழாக் குழுவினரின் முகங்கள், நடுவே பாயும் இரண்டு மாடுகள். அதன் கீழே பெரிய மாட்டு வண்டிக்கு இவ்வளவு, சிறிய மாட்டு வண்டிக்கு இவ்வளவு, பூஞ்சிட்டுக்கு இவ்வளவு என்று பரிசு விவரம். அதற்கும் கீழே தூரம்: ‘போக வர 10 மைல்’.

என் கண் அந்த ‘மைல்’ என்ற சொல்லில்தான் நிற்கும். இந்தியா மெட்ரிக் அளவைக்குச் சட்டம் செய்தது 1956இல். சாலையோரத்து மைல்கற்கள் போய்க் கிலோமீட்டர் கற்கள் வந்து இரண்டு தலைமுறை ஆயிற்று. எண்ணெய் லிட்டருக்கும், பருத்தி குவிண்டாலுக்கும் மாறிவிட்டன. மாட்டு வண்டிப் பந்தயத்தில் மட்டும் மைல் சாகவில்லை. பத்தொன்பது வயதுப் பையன்கூட ‘அஞ்சு மைல்ல கொடி, அங்க இருந்து திருப்பம்’ என்றுதான் சொல்கிறான். மைல்கல் பார்த்து வண்டி ஓட்டிய பாட்டன் காலத்து அளவு அது. இந்தப் பந்தயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி.

ஒலிபெருக்கியைக் கையில் பிடித்தவர் ‘ஈராயிரம் ஆண்டுப் பாரம்பரியம்’ என்பார். ஏறுதழுவுதலுக்குக் கலித்தொகையின் முல்லைக்கலி இருக்கிறது. சாலையில் இரட்டை மாட்டு வண்டி ஓட்டுவதற்கு அந்த மாதிரி பழஞ்சான்று தேடிப்போக வேண்டியதில்லை. ஐந்து மைல் நீளத்துக்கு மேடு பள்ளம் இல்லாத சாலை இருந்தால்தான் இந்தப் பந்தயம் நடக்கும். கல் பாவிய சாலையும், அதில் நட்ட மைல்கல்லும், அதில் பொதி ஏற்றிப் போன வண்டியும் சேர்ந்து பெற்ற பிள்ளை இது. பழமையைக் காட்டி இதற்கு மதிப்புத் தேடுவதைவிட, உழைப்பைக் காட்டித் தேடுவதே நேர்மை என்பது இக்கட்டுரையின் வாதம்.

மண் கேட்ட மாடு

கரிசல் மண் வெயிலில் ஆளின் கை நுழையும் அகலத்துக்கு வெடித்துக் கிடக்கும். மழை விழுந்தால் களியாகிக் காலைக் கவ்வும். மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் வகை இதில் மிகுதி. தண்ணீரை வாங்கி உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆண்டு மழை எழுநூறு மில்லிமீட்டரை ஒட்டியது. அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். மண் காய்ந்தால் கொழு இறங்காது, நனைந்தால் ஏர் நகராது. இரண்டுக்கும் நடுவே பதம் இருக்கும் சில நாட்களுக்குள் உழுதாக வேண்டும். அந்தச் சில நாட்களில் சோர்ந்து படுக்காத மாடுதான் ஒரு சம்சாரியின் ஆண்டு வருமானத்தைத் தீர்மானித்தது. கோவில்பட்டியில் 1901லேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைந்ததற்கு இந்த மண்ணின் விசித்திரமும் இதில் விளைந்த பருத்தியும்தான் காரணம்.

அந்தப் பருத்தி கருங்கண்ணி. லிவர்பூல் வணிகர்கள் இந்தச் சீமையின் பஞ்சை ‘டின்னவெல்லி’ என்று பெயரிட்டு விலை சொன்னார்கள். காட்டிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து அரவை ஆலைக்கு, ஆலையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அதை இழுத்தது மாடு. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 1876இல் ரயில் வந்தது. கோவில்பட்டி அந்தத் தடத்தில் விழுந்தது. 1891இல் அங்கே நூற்பாலையும் வந்தது. ரயில் வந்ததால் வண்டி அழியவில்லை. வண்டிக்கு வேலை கூடியது. ஸ்டேஷன் வரைக்கும், ஆலை வாசல் வரைக்கும் பொதி கொண்டுவர ஊர் ஊராக வண்டிகள் கிளம்பின. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி விடியலில் ஊர் சேரும் வண்டிக்காரர்களுக்கு, யார் மாடு முந்துகிறது என்பது பொழுதுபோக்காக மட்டும் இருந்திருக்க முடியாது. முந்தி வந்த வண்டிக்கு முந்திய இறக்கம். முந்திய இறக்கத்துக்கு முந்திய கூலி.

மாட்டுக்கும் பருத்திக்கும் உள்ள உறவு அத்தோடு முடியாது. பஞ்சு ஆலைக்குப் போனால் விதை தொழுவத்துக்கு வரும். பருத்திக்கொட்டையை ஊறப்போட்டு ஆட்டுரலில் அரைத்துப் பாலெடுத்து வைப்பது கரிசல் வீட்டுப் பெண்களின் சாயங்கால வேலை. பருத்திமார் அடுப்பெரித்தது. இன்றும் பந்தய மாட்டின் தீனியில் பருத்திக்கொட்டைக்குத்தான் முதலிடம். புண்ணாக்கும் உளுந்தும் முட்டையும் பேரீச்சையும் பிறகு வந்து சேர்ந்தவை. பருத்தி குறைந்து மக்காச்சோளம் பரவிய காடுகளில் கொட்டையையும் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

வேலை போன விலங்குகள்

இனி ஒரு தூர தேசத்துக் கதை. 1860இல் ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையைத் தாண்டும் பயணத்துக்காகக் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்கள் மெல்பர்ன் துறைமுகத்தில் வந்து இறங்கின. அடுத்த அறுபது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் வந்தன. கூடவே ஒட்டகக்காரர்களும் வந்தார்கள். ‘ஆப்கானியர்’ என்று மொத்தமாக அழைக்கப்பட்டாலும் அவர்களில் பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப், ராஜஸ்தான் பகுதிகளைச் சேர்ந்தவர்களும் உண்டு. தந்திக் கம்பிக்கு மரம் சுமந்தது, சுரங்கத்துக்குச் சாமான் சுமந்தது, ஆட்டுப் பண்ணையிலிருந்து உரோமப் பொதி சுமந்தது எல்லாம் அந்த ஒட்டகங்கள்தாம். 1920களில் லாரி வந்தது. தெற்கு ஆஸ்திரேலியா 1925இல் ஒட்டகங்களை அழிப்பதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. மனம் வராத ஒட்டகக்காரர்கள் அவற்றைப் பாலையில் அவிழ்த்துவிட்டார்கள், அவை பெருகின. 2009க்கும் 2013க்கும் இடையே அரசுத் திட்டம் ஒன்றின்கீழ் சுமார் 1.6 லட்சம் காட்டொட்டகங்கள் அகற்றப்பட்டன.

அதே நாட்டில்தான் 1970இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் இரண்டு நண்பர்கள், யார் ஒட்டகம் முந்தும் என்று பந்தயம் கட்டி, வறண்ட டாட் ஆற்று மணலில் ஓட்டிப் பார்த்தார்கள். அது இன்று ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் ஒட்டகக் கோப்பை. குவீன்ஸ்லாந்தின் பூலியா என்ற சிற்றூரில் 1997 முதல் நடக்கும் ஒட்டகப் பந்தயத்துக்காக, சில நூறு பேரே வாழும் அந்த ஊருக்கு ஆயிரக்கணக்கானோர் கூடாரத்தோடு வந்து வார இறுதியைக் கழிக்கிறார்கள். பொதி சுமந்த நாட்களில் ஒட்டகத்துக்குக் கிடைக்காத கைதட்டல், பொதி இறங்கி அரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்தது.

கரிசலிலும் நடந்தது ஏறக்குறைய இதுவே. பம்புசெட் வந்து கமலையை நிறுத்தியது. டிராக்டர் ஏரைப் பிடுங்கியது. லாரியும் மினி வேனும் பொதியைப் பிடுங்கின. அகில இந்தியக் கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள்: 2012இல் நாட்டில் ஆண் மாடுகள் சுமார் 6.79 கோடி; 2019இல் சுமார் 4.74 கோடி. ஏழே ஆண்டில் இரண்டு கோடிக்கு மேல் குறைந்துவிட்டது. அதே ஏழு ஆண்டில் பசுக்கள் கூடியிருக்கின்றன. பால் தருவது தங்கியது, இழுப்பது போனது. இந்தச் சரிவுக்கு நடுவில் ஒரு ஜோடி ஆண் மாட்டை லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிக் கட்டுபவர் இன்று பந்தயக்காரர்தான்.

ஒட்டகத்துக்கும் நம் மாட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆஸ்திரேலியாவில் வேலை நின்றதற்கும் பந்தயம் தொடங்கியதற்கும் நடுவில் ஐம்பது ஆண்டு இடைவெளி. அது மறந்துபோன விலங்கை வேடிக்கைக்காகத் திரும்ப அழைத்தது. இங்கே இடைவெளியே இல்லை. ஏர் பூட்டிய கையே பந்தய வண்டியையும் பூட்டியது. ஆகவே இங்கே பந்தயம் பழைய தொழிலின் நுட்பங்களை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறது.

ஆறு மணிச் சாலை

அந்த நுட்பங்களைப் பார்க்க வேண்டுமானால் பந்தயம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். தை அறுவடை தொடங்கிச் சித்திரை, வைகாசி வரைக்கும் காடு சும்மா கிடக்கும். கொடைகளும் பந்தயங்களும் அந்தக் காலத்தில்தான் நெருக்கியடிக்கும். பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் விழாவை ஒட்டி நடக்கும் பந்தயமும் இந்தப் பருவத்தில்தான். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும் என்பதால் பொழுது புலரும்போதே மினி லாரிகளில் மாடுகள் வந்து இறங்கும். ஓடப்போகிற மாடு லாரியில் வருகிறது என்பதைக் கவனித்தால் காலம் எவ்வளவு மாறிவிட்டது என்று விளங்கும்.

இறங்கிய மாட்டைச் சுற்றி முதலில் கூடுபவர்கள் வாயைப் பிளந்து பல் பார்ப்பார்கள். பால் பல்லா, ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா? பல்லும் உயரமும்தான் எந்தப் பிரிவு என்பதைத் தீர்மானிக்கும். பெரிய மாடு, நடு மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று ஊருக்கு ஊர் பிரிவுகள் கொஞ்சம் மாறும். சிட்டுக் குருவியின் பெயரை மாட்டுக்கு வைத்ததில் இருக்கும் செல்லத்தைக் கவனியுங்கள். தொழுவத்தில் அந்த மாட்டுக்குக் கிடைப்பதும் அதே செல்லம்தான். சாலையில் கிடைப்பது வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது பூட்டுதல். வலத்து மாடு எது, இடத்து மாடு எது என்பது பழக்கும்போதே முடிவாகிவிடும். மாற்றிப் பூட்டினால் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கும். நுகத்தடியைத் தூக்கிப் பிடிக்க, மாடு தானாகவே கழுத்தைக் கொடுக்கும். பூட்டாங்கயிற்றை இழுத்து முடிந்ததும் விரல் ஒன்றை உள்ளே விட்டுப் பார்க்கிறார் ஒரு பெரியவர். விரல் நுழைந்தால் சரி. நுழையாவிட்டால் மூச்சு முட்டும். இரண்டு விரல் நுழைந்தால் ஓட்டத்தில் நுகம் துள்ளும். பிறகு கடையாணியைத் தட்டிப் பார்க்கிறார். பந்தய வண்டியில் பொதி ஏற்றும் தட்டு இல்லை. சக்கரமும் அச்சும் ஏர்க்காலும் சாரதி காலூன்ற ஒரு சிறு சட்டமும் மட்டும்தான். பாட்டன் காலத்து வண்டியிலிருந்து பாரத்தைச் சுமந்ததையெல்லாம் கழற்றிவிட்டால் மிஞ்சுவது இதுதான்.

வண்டிக்கு ஒரு சாரதி, உடன் ஒரு துணை ஆள். துணை ஆள் பக்கத்திலேயே ஓடுவார், ஏறுவார், மறுபடி குதித்து ஓடுவார். கொங்கு நாட்டு ரேக்ளாவில் இந்தக் காட்சி கிடையாது. உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் 200 மீட்டர், 300 மீட்டர் நேர்தடத்தில் ஒவ்வொரு வண்டியாக விட்டு நொடிக்கணக்கில் நேரம் குறிப்பார்கள். அங்கே மாடு போட்டி போடுவது கடிகாரத்தோடு; இங்கே பக்கத்து வண்டியோடு. அங்கே வெடித்துக் கிளம்பும் வேகம் வேண்டும். இங்கே மூச்சை மிச்சம் பிடிக்கத் தெரிய வேண்டும். எல்லைக் கொடி வரைக்கும் பின்னால் தங்கி, திருப்பத்துக்குப் பிறகு கயிற்றைத் தளர்த்தும் சாரதியைத்தான் கூட்டம் மெச்சுகிறது. ராத்திரி முழுக்க ஓட வேண்டிய பொதி மாட்டை அவருடைய பாட்டன் ஓட்டிய விதமும் அதுதான்.

சட்டத்தில் இல்லாத பந்தயம்

இத்தனை இருந்தும் இந்தப் பந்தயம் சட்டப் புத்தகத்தில் எங்கே நிற்கிறது?

2011 ஜூலை 11இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், காட்சிக்குப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7இல் விலங்கு நல வாரியம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் சேர்த்தே தடுத்தது. 2016 ஜனவரி 7இல் மத்திய அரசு விலக்கு அளித்து ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதில் ஜல்லிக்கட்டுக்குத் தமிழ்நாட்டின் பெயர் இருந்தது. மாட்டு வண்டிப் பந்தயத்துக்கு மகாராஷ்டிரம், கர்நாடகம், பஞ்சாப், அரியானா, கேரளம், குஜராத் ஆகிய பெயர்கள் இருந்தன, தமிழ்நாடு இல்லை. மேலும் பந்தயத் தடம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றும் அது சொன்னது. நம் பத்து மைல் பதினாறு கிலோமீட்டர். ஐந்தே நாளில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை நிறுத்திவைத்தது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினா எழுந்தது. சட்டமன்றம் திருத்தச் சட்டம் நிறைவேற்றியது. அந்தச் சட்டம் ஜல்லிக்கட்டு என்பதற்குத் தரும் வரையறையில் மஞ்சுவிரட்டு உண்டு, வடமாடு உண்டு, எருதுவிடும் விழா உண்டு. மாட்டு வண்டிப் பந்தயம் என்ற சொல் இல்லை. கர்நாடகத்தின் சட்டம் கம்பளாவோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும், மகாராஷ்டிரத்தின் சட்டம் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் பெயர் சொல்லியே எழுதிக்கொண்டன. 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு மூன்று மாநிலச் சட்டங்களும் செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பைக் கொண்டாடிக் கரிசல் ஊர்களிலும் வெடி வெடித்திருக்கலாம். ஆனால் தங்கள் பந்தயத்தின் பெயர் தங்கள் மாநிலச் சட்டத்தில் இல்லை என்பதை எத்தனை பேர் கவனித்தார்கள்?

இதன் விளைவு நடைமுறையில் தெரிகிறது. ஜல்லிக்கட்டுக்கு விதிகள் உண்டு: ஆட்சியர் அனுமதி, கால்நடை மருத்துவர் பரிசோதனை, தடுப்பு வேலி. வண்டிப் பந்தயத்துக்கு அப்படித் தனியாக எழுதிய விதித்தொகுப்பு கையில் இல்லாததால், ஊருக்கு ஊர், அதிகாரிக்கு அதிகாரி நிபந்தனை மாறுகிறது. அனுமதி கிடைக்குமா என்று கடைசி நாள் வரை தெரியாத பந்தயத்தில் ஒழுங்கும் கடைசி நிமிட ஒழுங்காகத்தான் இருக்கும்.

மாட்டின் பக்கம்

சாலையில் நடப்பதைச் சொல்கிறேன் என்றேன். வண்டிகள் கிளம்பிய அடுத்த நொடி, பின்னால் நூறு மோட்டார் சைக்கிள்கள் கிளம்பும். ஒலிப்பானை அழுத்திப் பிடித்தபடி, ஒரு கையால் கைபேசியில் படம் எடுத்தபடி, மாட்டின் காதோரம் வரைக்கும் போவார்கள். சாரதி வண்டியை ஓட்டுகிறாரா, மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல் மாட்டை ஓட்டுகிறதா என்று சொல்ல முடியாது. விபத்துக்கும் மிரளலுக்கும் முதல் காரணம் இந்தப் பின்வரிசைதான். அடுத்தது தார்க்குச்சி. முனையில் ஆணி வைத்த குச்சி வேண்டாம் என்று விழாக் குழு அறிவித்தாலும், கடைசி மைலில் சில கைகள் அறிவிப்பை மறந்துவிடுகின்றன. வாலை முறுக்குவதும் கடிப்பதும் அப்படித்தான்.

இவற்றைத் தடுக்கப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. இழுவை மாடுகளுக்கென்று 1965இல் வந்த மத்திய விதிகளே முள் பதித்த கோலை விலக்கியிருக்கின்றன. வெப்பம் 37 டிகிரிக்கு மேல் போகும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை மாட்டை வண்டியில் பூட்டக் கூடாது என்கின்றன. சித்திரையில் கோவில்பட்டி வெயில் என்ன என்பதை இந்த ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதிகாலையில் பந்தயம் வைக்கும் நம் பழக்கமும் இந்த விதியும் ஒரே அறிவிலிருந்து வந்தவை. வண்டிகள் கூடிப்போய், பிரிவுகள் பெருகி, கடைசிப் பிரிவு பதினோரு மணி வெயிலில் ஓடும்போது அந்த அறிவைத்தான் நாம் மீறுகிறோம்.

பந்தயம் நாட்டு மாட்டினத்தைக் காக்கிறது என்ற வாதமும் முழுசாகச் செல்லாது. ஆண் கன்றுக்கு ஒரு விலை இருக்கிறது என்பதைப் பந்தயம் உறுதிசெய்கிறது. அது உண்மை, சிறிய விஷயமும் இல்லை. ஆனால் காயடித்த மாடு எவ்வளவு வேகமாக ஓடினாலும் கன்று தராது. இனம் காக்கப்பட வேண்டுமென்றால் பொலிகாளையும் மேய்ச்சல் நிலமும் வேண்டும். பந்தயப் பரிசுக்கு லட்சங்கள் சேரும் ஊரில் கோயில் காளை ஒன்றை வைத்துப் பராமரிக்க ஆள் இல்லை என்றால், அந்த ஊர் இனத்தைக் காக்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது பொருந்தாது.

மாற்றினால் பந்தயம் செத்துவிடும் என்று அஞ்சுபவர்கள் அரபு நாட்டைப் பார்க்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒட்டகப் பந்தயத்துக்குத் தெற்காசியாவிலிருந்து சிறுவர்களைக் கொண்டுபோய் முதுகில் கட்டி ஓட்டினார்கள். உலகம் கேள்வி கேட்டது. 2005இல் சட்டம் போட்டு அதைத் தடுத்து, சிறுவர்களுக்குப் பதில் எடை குறைந்த இயந்திரங்களை ஏற்றினார்கள். பந்தயம் நிற்கவில்லை.

கரிசல் சீமையின் மாட்டு வண்டிப் பந்தயம் காக்கத் தகுந்தது என்பதே என் முடிவு. அதற்குக் காரணம் அதன் வயதில் இல்லை. பூட்டாங்கயிற்றில் விரல் விட்டுப் பார்க்கும் அறிவும், பல் பார்த்து வயது சொல்லும் அறிவும், மூச்சை மிச்சம் பிடிக்கும் அறிவும் வேறெந்தப் பள்ளிக்கூடத்திலும் இன்று இல்லை. தமிழ்நாடு தன் சட்டத்தில் இந்தப் பந்தயத்தைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். அதனோடு விதியும் எழுத வேண்டும்: பிரிவுக்கு ஏற்ற தூரம், காலை ஒன்பது மணிக்கு முன் முடிவு, எல்லையில் ஒரு கால்நடை மருத்துவர், தார்க்குச்சி எடுத்த வண்டிக்குத் தகுதி நீக்கம், மாட்டின் பின்னால் மோட்டார் சைக்கிளுக்கு முழுத் தடை. விழாக் குழுக்கள் அரசுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கடைசி இரண்டையும் அடுத்த கொடையிலேயே நடைமுறைப்படுத்தலாம்.

விதி எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதுமுன் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு விளாத்திகுளம் சாலையோரம் வந்து நில்லுங்கள். ஐந்தாவது மைலில், கொடிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அங்கே திரும்பும்போதுதான் மாட்டின் மூச்சு காதில் விழும்.